பெயர் சொல்லாத விரல்கள்



நான் சிறுவனாக இருந்தபோது தெல்லிப்பழையில் ஒரு திருவிழா இரவு. மெல்லிசைக் குழு வந்திருந்தது. அறிவிப்பாளர் பாடகர்களின் பெயர்களை ஓயாமல் சொன்னார். மேடை மூலையில் ஒருவர் விடியும்வரை தலை நிமிராமல் ஓர்கன் வாசித்தார். "அவர் ஆர் அப்பா?" என்று கேட்டேன். "பக்கவாத்தியக்காரர் தம்பி" என்றார் அப்பா. பெயர் அவருக்கும் தெரியாது.

1990இல் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தோம். மின்சாரம் இல்லை, பற்றறியும் அரிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து என் தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். 'ரோஜா' பாடல்களை அப்படித்தான் கேட்டோம். 1992இல் வந்த அந்தப் படத்தின் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மான் புதியவர் என்றே எண்ணினோம்.

படம்தான் புதிது, விரல்கள் பழையவை. மலையாளப் படங்களுக்கு இசையமைத்த அவரது தந்தை ஆர். கே. சேகர் 1976இல் காலமானார். அப்போது மகனுக்கு ஒன்பது வயது. தந்தையின் வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் சீவித்தது. சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளையே கீபோர்ட் வாசிக்கப் போனது. எம். எஸ். விஸ்வநாதன், இளையராஜா, ரமேஷ் நாயுடு, ராஜ்-கோட்டி என்று பலரிடம் வாசித்தார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாணி. எல்லோரும் சேர்ந்து வாசித்த அக்கால ஒலிப்பதிவில் ஒருவர் பிழைத்தால் அனைவரும் மறுபடி தொடங்கவேண்டும். ஜாகிர் உசேன், எல். சங்கர் ஆகியோரோடு கச்சேரிப் பயணம் போனபோது தேவைப்பட்டது வேறொரு வித்தை: எழுதி வைத்ததை வாசிப்பதல்ல, மற்றவர் அந்தக் கணத்தில் நினைப்பதைக் கேட்டு விடை சொல்வது.

பிறருக்காக வாசித்த அந்த ஆண்டுகளே அவருக்குப் பள்ளிக்கூடம். வீட்டோடு ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். முதல் படத்துக்கே தேசிய விருது. 2009இல் இரண்டு ஒஸ்கார்.

ஆனால் எல்லாப் பக்கவாத்தியக்காரரும் ரஹ்மான் ஆவதில்லை, ஆகவேண்டியதும் இல்லை. இளையராஜாவின் எத்தனையோ பாடல்களில் கீபோர்ட் வாசித்த விஜி மானுவலின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் வாசித்தது மட்டும் நம் காதில் இருக்கிறது.

அன்று பெடல் சுற்றிய தம்பியின் கை ஓய்ந்தால் பாட்டும் அறுந்துவிடும். அப்போதுதான் அவன் அங்கே இருப்பது எங்களுக்கு நினைவு வரும். இனி ஒரு பாட்டைக் கேட்கும்போது, பாடியவர் யார் என்று கேட்ட பிறகு, வாசித்தவர் யார் என்றும் ஒருமுறை கேட்போம்.