வீட்டுக் கணினிக்கும் நோய் வரும்

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு பல்லேபொலவில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறு வருடங்களைக் காணும் பாடசாலையின் மாணவியாக உங்கள் முன் நிற்பது எனக்குக் கிடைத்த பெரும் பேறு. இந்த வாய்ப்பைத் தந்த சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு முதலில் நன்றி கூறுகிறேன்.

நான் வைத்தியர் என்பதால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சில வருடங்களாக எனது கிளினிக்கில் ஒரு புதுக் காரணத்தைக் காண்கிறேன். தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, மருந்து குடித்தும் அழுத்தம் இறங்கவில்லை என்று வருவோரிடம் ஆறுதலாக விசாரித்தால், "வங்கியில் இருந்த காசு போய்விட்டது டொக்டர்" என்ற பதில் இடையிடையே வருகிறது. ஆகவே வீட்டுக் கணினியையும் வங்கி அட்டையையும் திருடரிடமிருந்து காப்பது பற்றியே இன்று பேசப்போகிறேன். நான் கணினி நிபுணர் அல்ல. ஆனால் வருமுன் காப்பதும், வந்தபின் தாமதிக்காமல் இருப்பதும் எனது தொழிலுக்கும் பொதுவானவை.

கொவிட் காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக எங்கள் பகுதி வீடுகள் பலவற்றுக்கு ஒரு கணினி வந்தது. பிள்ளை அதில் படிக்கிறது, தம்பி கேம் விளையாடுகிறான், அம்மா மின்சாரப் பட்டியலைக் கட்டுகிறாள், வெளிநாட்டில் இருக்கும் மகள் அனுப்பிய காசு வந்துவிட்டதா என்று அப்பா பார்க்கிறார். பல பேர் கை வைக்கும் ஒரு பொருள், வீட்டின் சேமிப்புக்கும் வாசலாகிவிட்டது.

உளவு மென்பொருள் என்பது என்ன? எங்களுக்குத் தெரியாமல் கணினிக்குள் குடியேறி, நாங்கள் தட்டும் எழுத்துகளையும், உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களையும், அட்டை இலக்கங்களையும் வெளியே அனுப்பும் ஒரு சிறு நிரல். வைரஸ் என்றால் கணினி நின்றுபோகும் என்று நினைக்கிறோம். உளவு மென்பொருள் அப்படிச் செய்யாது. கணினி ஒழுங்காக வேலை செய்தால்தான் அதற்கும் வேலை. காசநோய்க் கிருமி வருடக்கணக்கில் உடலில் உறங்கிக் கிடப்பதைப் போல, அறிகுறி எதுவும் காட்டாமல் இருந்துவிடும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அதில் எங்கள் நாடும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பங்களாதேஷ் மத்திய வங்கி ஊழியர் சிலருக்கு வேலை தேடும் ஒருவர் அனுப்பியது போன்ற மின்னஞ்சல் வந்தது. சுயவிபரக் கோவையைப் பார்க்கும்படி அதில் ஓர் இணைப்பு. சிலர் அதைத் திறந்தார்கள். அதன்பின் ஒரு வருடம் வெளியில் எதுவும் தெரியவில்லை. 2016 பெப்ரவரி 4 ஆம் திகதி, வார விடுமுறைக்கு முந்திய இரவில், நியூயோர்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து ஏறக்குறைய 951 மில்லியன் டொலரை மாற்றும்படி 35 கட்டளைகள் போயின. அவற்றில் 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குச் சென்றது, பெரும்பகுதி திரும்பவில்லை. 20 மில்லியன் இலங்கை வங்கியொன்றில் ஓர் அமைப்பின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. அந்த அமைப்பின் பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் எழுத்துப்பிழையோடு 'பன்டேஷன்' என்று இருந்ததால், இடையிலிருந்த வங்கி சந்தேகப்பட்டு விளக்கம் கேட்டது. இவ்வளவு பெரிய தொகையா என்று இங்குள்ள வங்கியிலும் கேள்வி எழுந்தது. அந்தப் பணம் காப்பாற்றப்பட்டது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கும் எங்கள் வீட்டுக்கும் திருடன் வரும் வாசல் ஒன்றுதான்: திறக்கத் தூண்டும் ஒரு கடிதம். அடுத்தது, நின்று நிதானமாக வாசித்த ஒருவர் 20 மில்லியன் டொலரைக் காப்பாற்றினார். எங்கள் ஆசிரியைகள் எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டது வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைய மோசடிக் கடிதங்கள் பிழையில்லாத தமிழிலும் சிங்களத்திலும் வருகின்றன. ஆகவே பிழையை மட்டும் தேடினால் போதாது. இவர் எதற்காக என்னை அவசரப்படுத்துகிறார் என்றும் கேட்க வேண்டும்.

இனி தடுப்பு முறைகள். கணினிக்கு நான்கு சொல்கிறேன்.

முதலாவது தடுப்பூசி. 'அப்டேட்' என்று கணினி கேட்கும்போது 'பிறகு' என்று தள்ளிப்போடாதீர்கள். 2017 மே 12 ஆம் திகதி 'வொனாகிரை' என்ற தீநிரல் பரவியபோது, இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் இரத்தாயின. சில இடங்களில் அம்புலன்ஸ்களை வேறு வைத்தியசாலைகளுக்குத் திருப்பினார்கள். அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அந்த வருடம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஊசி இருந்தது, போட்டுக்கொள்ளவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. வீட்டில் பழைய கணினி இருந்தால், தெரிந்த ஒருவரிடம் காட்டி அடுத்து என்ன செய்வதென்று கேளுங்கள்.

இரண்டாவது, திருட்டு மென்பொருள். கடையில் இலவசமாகப் போட்டுத் தந்த 'கிரக்' மென்பொருளும், பிள்ளைகள் இறக்கும் 'கேம் சீட்' நிரல்களும் உளவு மென்பொருள் வரும் பிரதான வழிகள். பல வேளைகளில் அவற்றைப் போடுவதற்காக வைரஸ் காவலை நிறுத்தச் சொல்வார்கள். காவல்காரனை அனுப்பிவிட்டு வா என்று சொல்பவர் எதற்கு வருகிறார் என்று யோசியுங்கள். வின்டோஸுடன் வரும் 'டிஃபென்டர்' காவலை நிறுத்தாமல் வைத்திருந்தாலே சாதாரண வீட்டுக்குப் பெரும் பாதுகாப்பு.

மூன்றாவது, ஆளுக்கொரு கணக்கு. கணினியில் பிள்ளைகளுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிக் கணக்கைத் திறந்து கொடுங்கள். பெரியவர் கடவுச்சொல் கொடுத்தால்தான் புதிய நிரல் ஏறும் என்ற நிலை இருக்கட்டும். அட்டையால் பணம் கட்டும் வேலையை வேறு கணக்கில் செய்யுங்கள்.

நான்காவது, கடவுச்சொல். வங்கிக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு வேறொன்று. மின்னஞ்சல் போனால் மற்ற எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் அதன் வழியாக மாற்றிவிடலாம். ஆகவே அதற்கு இரண்டு படிச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள். ஞாபகம் நிற்காவிட்டால் ஒரு கொப்பியில் எழுதி அலுமாரியில் பூட்டி வையுங்கள். தூரதேசத்துத் திருடனுக்கு உங்கள் அலுமாரி எட்டாது.

அடுத்து அட்டை. அட்டையின் முன்னாலிருக்கும் இலக்கம், காலாவதித் திகதி, பின்னாலிருக்கும் மூன்று இலக்கம், கைத்தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இந்த நான்கும் சேர்ந்தால் பணம் வெளியே போகும். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓ.டி.பி.யும் கேட்பதில்லை. உங்களுக்குப் பணம் வருவதற்கு அந்த மூன்று இலக்கமோ ஓ.டி.பி.யோ தேவையில்லை. "பரிசு விழுந்திருக்கிறது", "நீங்கள் விற்கும் பொருளுக்குக் காசு அனுப்புகிறேன்" என்று சொல்லி யாராவது அவற்றைக் கேட்டால், அவர் எடுக்க வந்தவர். தபால் திணைக்களத்தின் பெயரில், பொதி வந்திருக்கிறது, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று வரும் குறுஞ்செய்திகளும் இந்த வகைதான். கட்டணம் சிறிது என்பதால் நம்புகிறோம். அவர்களுக்குத் தேவை அந்தக் கட்டணம் அல்ல, அட்டை விபரம்.

ஓ.டி.பி. வரும் குறுஞ்செய்தியை முழுதாக வாசியுங்கள். பெரும்பாலும் எந்தக் கடைக்கு, எவ்வளவு தொகை என்று அதிலேயே இருக்கும். இணையத்தில் வாங்குவதற்குத் தனி அட்டை வைத்து, குறைந்த எல்லையை விதியுங்கள். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் ஒரு தளம் நேர்மையானது ஆகிவிடாது. திருடனும் பூட்டுப் போடுவான். "கணினியைத் திருத்தித் தருகிறேன், எனிடெஸ்க் போடுங்கள்" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் உடனே வையுங்கள். அது நல்ல மென்பொருள்தான். ஆனால் அதன் வழியாக உங்கள் கணினி முழுவதும் அவர் கைக்குப் போய்விடும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விடயம். அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். ஓய்வூதியம் பெறும் ஒரு தாய் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பொதி என்று நினைத்து அட்டை விபரங்களைக் கொடுத்திருக்கிறார். அன்று மாலையே ஒரு தொகை போயிருக்கிறது. மருமகள் என்ன சொல்வாளோ, மகன் ஏசுவானோ என்று மூன்று வாரம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அட்டையை நிறுத்தவும் இல்லை. முதல் நாள் போனது சிறு தொகை. மிச்சம் எல்லாம் அந்த மூன்று வாரத்தில் போனது.

மார்பில் கட்டியைக் கண்டும் வெட்கத்தால் ஒரு வருடம் மறைத்துவிட்டு வரும் பெண்களை நாங்கள் பார்க்கிறோம். கட்டி செய்த கேட்டை விட மறைத்த காலம் செய்த கேடு பெரிது. இதுவும் அப்படியே. ஏமாற்றுவதையே தொழிலாகச் செய்பவர்களிடம் ஏமாறுவது அறிவீனம் அல்ல. வங்கி ஊழியர்களும் ஏமாந்திருக்கிறார்கள். "உனக்கு அறிவில்லையா" என்று வீட்டில் ஒருமுறை ஏசினால், அடுத்த தடவை அம்மாவோ பிள்ளையோ எங்களிடம் சொல்லமாட்டார்கள். ஏசாத வீடுதான் பாதுகாப்பான வீடு.

சொன்னவுடன் என்ன செய்வது? அட்டையின் பின்னாலிருக்கும் வங்கி இலக்கத்துக்கு உடனே அழைத்து அட்டையை நிறுத்துங்கள். விடியட்டும் என்றோ, மாத்தளைக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொல்லலாம் என்றோ காத்திருக்க வேண்டாம். கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். நோயுள்ள கணினியில் மாற்றினால் புதியதும் களவு போகும். குறுஞ்செய்திகளை அழிக்காமல் படம் எடுத்து வையுங்கள். வங்கிக்கு எழுத்தில் முறையிட்டுப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தி இல்லாவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது. ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் இலக்கம் 101. பொலிஸிலும் முறையிடலாம், 2006 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும் இதற்காகவே உள்ளன. போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று வருபவர் இரண்டாவது திருடன்.

வெளிநாடுகளில் இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு: இங்கிலாந்தில் 159க்கு அழைத்தால் உங்கள் வங்கியுடன் இணைப்பார்கள், இந்தியாவில் 1930. அதோடு ஒரு வேண்டுகோள். உங்கள் பெயரைச் சொல்லித்தான் இங்குள்ள அம்மாமாரை ஏமாற்றுகிறார்கள். குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புது இலக்கத்திலிருந்து "அம்மா, அவசரமாகக் காசு வேண்டும்" என்று செய்தி வந்தால், அம்மா அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வீட்டுக் கணினியையும், தனியாக இருக்கும் ஒரு ஆசிரியையின் அல்லது ஒரு முதியவரின் வீட்டுக் கணினியையும் பாருங்கள். அப்டேட் ஆகியிருக்கிறதா, காவல் இயங்குகிறதா, வங்கியின் அவசர இலக்கம் தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். எங்களுக்கு எழுத்தறிவித்தவர்களுக்கு நாங்கள் திருப்பிச் செய்யக்கூடிய சிறு உதவி இது.

 எமது பாடசாலை இன்னும் பல நூற்றாண்டு வளர்க.