கருங்காய்ச்சலும் டாக்டர் பிரம்மசாரியும்

உத்தியோகத்தின் பொருட்டு வங்காளத்திலும் பீகாரிலும் வந்து குடியேறியுள்ள தமிழ் மக்கள், அப்பகுதிக் கிராமங்களில் 'காலா அசார்' என்னும் பெயரைக் கேட்டிருக்கக்கூடும். 'காலா' என்பது கறுப்பு. 'அசார்' என்பது நோய். தமிழில் நாம் இதனைக் கருங்காய்ச்சல் என்கிறோம். மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும் சுரம், பருத்த மண்ணீரல், இரத்தக் குறைவு, கறுத்த மேனி என்பன இதன் அடையாளங்கள். சிகிச்சை பெறாதவர்களுள் பெரும்பாலோர் மாண்டு போவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோய் அஸ்ஸாமில் பரவி ஊர் ஊராகப் பாழாக்கிற்று. இதற்கு மருந்து கண்ட டாக்டர் உபேந்திரநாத் பிரம்மசாரியைப் பற்றி இங்கே சில சொல்ல விரும்புகிறோம். பிரம்மசாரி என்பது அவருடைய குடும்பப் பெயர், துறவைக் குறிப்பதன்று.

இந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியைக் கண்டறிந்த வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டமில் இருந்தபோது காய்ச்சலுற்றுப் பின்னர் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் வில்லியம் லீஷ்மன் கண்ட நுண்ணுயிரைப் பற்றிய செய்தி 1903இல் வெளியாயிற்று. அதே ஆண்டில், சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டானவன் தாமும் அதனைக் கண்டார். இருவர் பெயரையும் இணைத்து அவ்வுயிருக்கு 'லீஷ்மேனியா டானவனி' எனப் பெயரிட்டனர்.

பகைவன் இன்னான் என்று தெரிந்தது. ஆயினும் தக்க ஆயுதம் கிட்டவில்லை. ஆன்டிமனி என்னும் உலோகம் கலந்த 'டார்ட்டர் எமெடிக்' 1915 முதல் இந்நோய்க்குக் கொடுக்கப்பட்டது. அது ஓரளவு பயன் தந்தாலும், சிகிச்சை மாதக்கணக்கில் நீண்டது. நோயாளியையும் மிகவும் வாட்டியது. உபேந்திரநாத் கணிதமும் ரசாயனமும் கற்ற பின்னரே மருத்துவம் பயின்றவர். எனவே நோயாளியின் படுக்கையருகே எழுந்த வினாவுக்கு ரசாயனக் குடுவையில் விடை தேட அவரால் முடிந்தது. கல்கத்தாவின் காம்ப்பெல் மருத்துவமனையில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு அறை. எரிவாயு இல்லை; தண்ணீர்க் குழாயும் இல்லை; புகையும் லாந்தர் விளக்கே இரவில் வெளிச்சம். அங்கே 1920ஆம் ஆண்டையொட்டி அவர் உருவாக்கியதுதான் 'யூரியா ஸ்டிபமின்'. மாதங்கள் பிடித்த சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் எண்ணற்ற உயிர்கள் பிழைத்தன. 1929இல் அவர் பெயர் நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. 1946இல் அவர் காலமானார்.

மருந்து கண்ட பெருமையோடு பலரும் அவர் கதையை முடித்துவிடுகின்றனர். ஆனால் குணமானவர்களையும் அவர் கவனித்து வந்தார் என்பதே நமக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. சுரம் நீங்கிய சிலருடைய தோலில் வெளிறிய புள்ளிகளும் சிறு முடிச்சுகளும் தோன்றுவதையும், அவற்றினுள் அதே ஒட்டுண்ணி வாழ்வதையும் அவர் 1922இல் எடுத்துக் காட்டினார். இத்தகையவருக்குச் சுரமோ வலியோ இராது. ஆகவே வைத்தியரை நாடமாட்டார். மண்சுவர் வெடிப்புகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் வாழும் மணல் ஈ அவரைக் கடித்தால், நோய் அவரிடமிருந்து அண்டை வீட்டாருக்குச் செல்லக்கூடும். இந்த ஈயின் கடியால் மனிதருக்கு நோய் தொற்றுவதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் 1942இல் நிறுவினர்.

யூரியா ஸ்டிபமினின் இடத்தை இன்று வேறு மருந்துகள் பெற்றுவிட்டன. நோயாளிகளின் தொகையும் பெரிதும் குறைந்துவிட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்னும் நிலையிலிருந்து இந்நோயை வங்காளதேசம் நீக்கிவிட்டதாக 2023இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இந்நிலையில், தோலில் தங்கிய அந்தச் சிறிய மிச்சத்தை வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடிப்பதே சுகாதார ஊழியர்களின் கடினமான வேலையாக இருக்கிறது. அதைக் குஷ்டமென்றோ தேமலென்றோ தவறாக எண்ணுவாரும் உண்டு.

ஆதலின் பீகார், ஜார்க்கண்ட், வங்காளக் கிராமப்புறங்களில் வாழும் நம்மவருக்கு ஒரு வேண்டுகோள். இரு வாரங்களுக்கு மேல் சுரம் நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். விடுமுறையில் ஊருக்குச் சென்ற இடத்தில் சுரம் கண்டால், எந்த ஜில்லாவிலிருந்து வந்தீர்கள் என்பதை அங்குள்ள வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள். அவர் இந்நோயை அதிகம் கண்டிருக்கமாட்டார். முன்பு கருங்காய்ச்சல் கண்டு குணமானவர் எவர்க்கேனும் தோலில் புள்ளிகள் தோன்றினால், உங்கள் வீட்டு வேலையாளாயினும் அண்டை வீட்டாராயினும், அவரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.