ஞாயிறு: ஏழையின் விடுதலை நாள்

(விழாவிற்கு முன் நடந்த ஆயத்தத் தியானத்தில் பங்கு மக்களுக்கு ஆற்றிய உரை)



விழா நெருங்கிவிட்டது. கொடிமரத்திற்கு வண்ணம் பூசியாயிற்று. கோபுரத்திற்கு விளக்குக் கட்டும் வேலையும் நடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழாவை இவ்வளவு சிறப்பாகக் கொண்டாடும் நாம், வாரத்திற்கு ஒருமுறை வரும் திருவிழாவை எப்படிக் கொண்டாடுகிறோம்? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறோம்.

அதற்குக் காரணமும் உண்டு. அண்மையில் ஊர்க்கூட்டத்தில் சிலர் எழுந்து, "ஞாயிற்றுக்கிழமையும் கடலுக்குப் போக அனுமதி வேண்டும்" என்று கேட்டார்கள். அவர்கள் பக்தியில்லாதவர்கள் அல்லர். வலைக்கும் இஞ்சினுக்கும் வாங்கிய கடனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வட்டி ஏறத்தான் செய்கிறது என்று சொன்னார்கள், அது உண்மையே. அப்படிப்பட்டவர்களை அதட்டி உட்கார வைப்பது மேய்ப்பனுக்கு அழகல்ல. காரணத்தோடு கேட்டவர்களுக்குக் காரணத்தோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

கட்டளைக்கு இரண்டு காரணங்கள்

பத்துக் கட்டளைகள் வேதத்தில் இரண்டு இடங்களில் வருகின்றன. யாத்திராகமத்தில், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது ஓய்வு நாளுக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. இதை நாம் சிறுவயதிலேயே மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். உபாகமத்திலோ வேறொரு காரணம் இருக்கிறது. இஸ்ராயேல் மக்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தார்கள். கடவுள் அவர்களை மீட்டார். அதை நினைத்து அந்த நாளை அனுசரிக்க வேண்டும். அது மட்டுமா? மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன் என்று ஒவ்வொருவராக எண்ணி, அத்தனை பேருக்கும் ஓய்வு வேண்டும் என்கிறது கட்டளை.

ஏன்? அடிமைக்கு ஓய்வு நாள் கிடையாது. ஆண்டவரைத் தொழுதுவர விடுமுறை வேண்டும் என்று மோயீசன் கேட்டபோது பார்வோன் என்ன செய்தான்? மக்களைச் சோம்பேறிகள் என்று ஏசினான். வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்று உத்தரவு போட்டான். தொழுகையும் ஓய்வும் சேர்ந்தே கேட்கப்பட்டன, சேர்ந்தே மறுக்கப்பட்டன. ஆகவே ஓய்வு நாள் என்பது கடவுள் நம் தலையில் ஏற்றிய சுமையன்று. பார்வோன் ஏற்றிய சுமையை இறக்கி வைக்கும் நாள் அது.

நம் மண்ணில் நடந்தது

எகிப்து தூரத்து நாடு என்று நினைக்க வேண்டாம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைவதற்கு முன் நம் மாவட்டம் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே 'ஊழியம்' என்றொரு வழக்கம் இருந்தது. கூலியில்லாமல் அரசுக்கும் அதிகாரிகளுக்கும் வேலை செய்ய வேண்டும். ஓலை கொடுக்க வேண்டும். சுமை தூக்க வேண்டும். கூப்பிட்ட நேரத்தில் போய் நிற்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதி மக்களின் முதுகில்தான் அந்தப் பாரம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு விலக்கில்லை.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திற்கு அழைக்கலாகாது என்ற சலுகை கிடைத்தது. அதைப் பெறுவதற்கும் காப்பதற்கும் இலண்டன் மிஷனைச் சேர்ந்த நம் பிரிந்த சகோதரர்கள் பாடுபட்டதை நன்றியோடு சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதோ 1855இல்தான். அதற்கு முன்பே, ஏழு நாளில் ஒரு நாளாவது தன் உடம்பு தனக்குச் சொந்தம் என்று ஓர் ஏழை நிமிர்ந்து நிற்க முடிந்தது என்றால், அந்த நாள் ஞாயிறு. முன்னோர் அப்படிப் போராடி வாங்கிய நாளை, நாம் ஒரு நாள் வருமானத்திற்கு விற்றுவிடலாமா?

ஏன் ஞாயிறு?

"வேதத்தில் சொல்லியிருப்பது சனிக்கிழமை அல்லவா? நீங்கள் ஏன் ஞாயிறை அனுசரிக்கிறீர்கள்?" என்று சிலர் வீடு தேடி வந்து கேட்பதுண்டு. நம் ஆண்டவர் வாரத்தின் முதல் நாளில் உயிர்த்தெழுந்தார். துரோவா நகரில் கிறிஸ்தவர்கள் அப்பம் பிட்கக் கூடியதும் அந்த நாளிலேதான் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது. புனித சின்னப்பர் ஏழைகளுக்காகக் காணிக்கை ஒதுக்கி வைக்கச் சொன்னதும் அந்த நாளிலேதான். 2ஆம் நூற்றாண்டில் புனித யுஸ்தீன், ஞாயிறு கூட்டத்தில் வேதம் வாசிப்பதையும், நற்கருணை பகிர்வதையும், அனாதைகள், விதவைகள், சிறையிலிருப்போர் ஆகியோருக்காகக் காணிக்கை சேர்ப்பதையும் எழுதி வைத்திருக்கிறார். பழைய ஓய்வு நாள் அடிமைத்தனத்திலிருந்து கிடைத்த விடுதலையை நினைவூட்டியது. ஞாயிறு சாவிலிருந்தே கிடைத்த விடுதலையை நினைவூட்டுகிறது.

கி.பி. 304இல், தியோக்கிளேசியன் பேரரசனின் தடையை மீறி, இன்றைய துனிசியா நாட்டிலுள்ள அபித்தினே ஊரில் 49 கிறிஸ்தவர்கள் ஞாயிறு வழிபாட்டிற்காக ஒரு வீட்டில் கூடினார்கள், பிடிபட்டார்கள். தடை தெரிந்தும் ஏன் கூடினீர்கள் என்று அதிகாரி கேட்டபோது, ஞாயிறு இல்லாமல் எங்களால் வாழவே முடியாது என்ற பொருளில் விடை கூறி வேதசாட்சிகள் ஆனார்கள். 321இல் கொன்ஸ்தந்தீன் பேரரசன் காலத்தில்தான் ஞாயிறு அரசாங்க ஓய்வு நாளாயிற்று. அதாவது, மூன்று நூற்றாண்டு காலம் கிறிஸ்தவர்கள் விடுமுறை இல்லாமலேயே ஞாயிறைக் காத்தார்கள். கடல் கரையைவிட்டு வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் இதை மனத்தில் கொள்ளலாம். நடுக்கடலில் பூசை கிடைக்காது. ஆனால் படகில் இருப்போர் கூடிச் செபமாலை சொல்லவும், அன்றைக்குரிய நற்செய்தியை வாசிக்கவும் தடையில்லை.

கடலுக்கும் ஓய்வு

இனி ஊர்க்கூட்டத்துக் கேள்விக்கு வருவோம்.

1544இல் புனித சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்திற்கு மேற்பட்டோருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகக் கடிதம் எழுதினார். ஞாயிறுதோறும் ஆண், பெண், சிறியோர், பெரியோர் அனைவரையும் ஒன்றாகக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்ததையும் அவரே எழுதியிருக்கிறார். ஞாயிறன்று கட்டுமரம் கரையேறி நிற்பது இக்கடற்கரைக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாடு.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இன்று மீன்வளம் காக்க அரசாங்கம் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், ஆண்டுக்கு 61 நாள் விசைப்படகுகளைத் தடுத்து நிறுத்துகிறது. நம் முன்னோர் ஞாயிறு தவறாமல் கரையில் இருந்து, ஆண்டுக்கு 52 நாள் கடலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களைத் தடுக்கவில்லை; கோவில் மணி ஒன்றே போதுமாயிருந்தது.

மேலும், ஓய்வு என்பது தனியாக ஒருவன் எடுத்துக்கொள்ளக் கூடியது அன்று. ஞாயிறன்று பத்துப் படகு போனால், மற்றவர்களும் போகாமல் இருக்க முடியாது. முதலில் போகிறவனுக்கு முதல் மாதம் இலாபம் தெரியும். எல்லாரும் போகத் தொடங்கிய பிறகு, அதே மீனைத்தான் ஆறு நாளுக்குப் பதில் ஏழு நாள் பிடித்துக்கொண்டிருப்போம். நாலு ஆள் வைத்துத் தொழில் செய்கிறவன் ஆளை மாற்றி அனுப்பிச் சமாளிப்பான். அண்ணன் தம்பி இருவராய் ஒரு வள்ளத்தில் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? தலைச்சுமையாய் மீன் விற்கும் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? ஊர்க்கட்டுப்பாடு காப்பது இவர்களைத்தான்.

கடன் என்னாவது? அதற்கும் விடை வேண்டும். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு நம் கடற்கரை ஊர்களிலும் பணி செய்துள்ளது. பிடித்த மீனைச் சங்கமே ஏலம் விட்டு, விலையில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்பிற்கும் கழித்துக்கொள்வது அதன் முறை. மீன் வந்த நாளில் கழிவு. வராத நாளில் இல்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கிறவனுக்குத்தான் ஞாயிறு பாரமாகத் தெரிகிறது. அவனை அழுத்துவது ஞாயிறு அன்று, அந்தக் கடன்தான். ஞாயிறைக் காக்க விரும்பும் பங்கு, அந்தக் கடனிலிருந்து அவனை மீட்கவும் வழி தேட வேண்டும். இல்லாவிட்டால் நம் போதனை அரைப் போதனைதான்.

அவசியமும் அலட்சியமும்

திருச்சபை ஈவிரக்கமில்லாத சட்டம் போடவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின்படி, ஞாயிறன்று திருப்பலியில் பங்குகொள்வது கடமை. இறைவழிபாட்டையும், அந்நாளுக்குரிய மகிழ்ச்சியையும், உடல் உள்ளத்தின் ஓய்வையும் கெடுக்கும் வேலைகளை விலக்க வேண்டும். முந்தின நாள் மாலைப் பூசையும் இக்கடனைத் தீர்க்கும். பனையேறி ஒரு நாள் பாளை சீவாவிட்டால் பதநீர் வரத்தே கெட்டுவிடும். பசுவைக் கறக்காமல் விட முடியாது. செவிலியரும் பேருந்து ஓட்டுநரும் பணி செய்துதான் ஆக வேண்டும். இவையெல்லாம் அவசியம். ஆண்டவரே ஓய்வு நாளில் நோயாளரைக் குணமாக்கினாரே!

ஆனால் நெல்லை ஞாயிறன்றே அறுக்க வேண்டும் என்று வேண்டுமென்றே ஆள் சொல்லி வைப்பது அவசியமாகுமா? கடையில் நிற்கும் பெண்பிள்ளைகளுக்கு ஞாயிறும் விடுப்புக் கொடுக்காத முதலாளி, தான் மட்டும் முதல் பூசைக்கு வந்து முன்வரிசையில் நின்றால் கட்டளையைக் காத்தவராவாரா? வேலைக்காரிக்கும் ஓய்வு வேண்டும் என்று கட்டளை பெயர் சொல்லியே கூறுகிறது. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர், தொழிலாளரின் ஞாயிறு ஓய்வு அவர்களுடைய உரிமை என்று உலகறிய எழுதினார். அதற்கு முந்தின ஆண்டுதான், பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. அதற்காகப் போராடிய நாராயண் மேகாஜி லோகாண்டே கிறிஸ்தவர் அல்லர். மற்ற மதத்தினரும் உரிமையாகக் கேட்டு வாங்கிய நாளை நாம் அலட்சியம் செய்யலாமா?

கடலுக்குப் போகாமல், வயலுக்குப் போகாமல், அந்த நாள் முழுவதையும் மதுக்கடையில் கொண்டு போய்க் கொட்டினால், அதுவும் அடிமைத்தனமே. பார்வோன் மாறினான், அவ்வளவுதான். மறைக்கல்வி நேரத்தில் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பும் பெற்றோரும் சிந்திக்க வேண்டும். இன்னொன்றையும் ஆண்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் ஞாயிறு அடுப்புதான் மற்ற நாளைவிட அதிக நேரம் எரிகிறது. பூசை முடிந்து வந்த தாய் பொழுது சாயும்வரை அம்மிக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றால், அவளுக்கு ஓய்வு நாள் எது?

முடிவாக

கோவிலை அழகுபடுத்துவதோடு விழா முடிந்துவிடக் கூடாது. மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாட்டை, பயத்தினால் அல்லாமல் மனமொத்து ஊர் மீண்டும் ஏற்கட்டும். கடன் பாரத்தால் தவிக்கும் குடும்பங்களைப் பங்குப் பேரவையும் மீனவர் சங்கமும் கூடி உட்கார்ந்து கணக்கெடுத்து, வியாபாரியின் முன்பணத்திலிருந்து மீளும் வழியைக் காணட்டும். ஆள் வைத்து வேலை வாங்குவோர் ஒவ்வொருவரும் தம் ஆள்களுக்கு ஞாயிறை விட்டுக்கொடுக்கட்டும். ஞாயிறன்றே வேலை நடந்தாக வேண்டுமானால், வேறொரு நாளைக் கூலி குறையாமல் கொடுக்கட்டும்.

உயிர்த்த ஆண்டவர் தாமே நம் உழைப்பையும் ஓய்வையும் ஆசீர்வதிப்பாராக. கடலில் இருப்போரைப் பத்திரமாகக் கரை சேர்ப்பாராக. ஆமென்.