வானொலி முகப்பிசை தந்தவர்

வானொலி நிலையம் காலையில் ஒலிபரப்பைத் தொடங்குமுன் ஒலிக்கும் முகப்பிசையை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். தம்புராவின் சுருதி அடியில் நிற்க, அதன்மேல் ஒரு வயலின் மெல்லக் குழைந்தெழும். 1970ஆம் ஆண்டுகளில், ஜவ்வாது மலையடிவாரத்து எங்கள் அமிர்தியில், ஊராட்சி வானொலிப் பெட்டியிலிருந்து அது எழும் வேளையில்தான் வேலூர்ப் பக்கம் தோல் பதனிடும் வேலைக்குச் செல்வோர் பேருந்துக்குப் புறப்படுவர். அவ்விசையை அமைத்தவர் ஓர் ஐரோப்பியர்.

அவர் பெயர் வால்டர் காஃப்மன். பியானோக் கலைஞர், இசைப் படைப்பாளர், யூதர். இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி என வழங்கும் ஊரில் 1907இல் பிறந்தார். பெர்லினிலும் பிராகிலும் பயின்றார். முனைவர் பட்ட ஆய்வை எழுதி முடித்த நிலையில், தம் பேராசிரியர் நாஜிகளைச் சார்ந்தவர் என அறிந்தார். பட்டமே வேண்டாமென்று விலகினார். தேர்வுக்காகக் கண்விழிக்கும் கல்லூரி மாணவர்களே இச்செயலின் கனத்தை நன்கு உணர்வர்.

1933இல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைப் பற்றினான். மறு ஆண்டு காஃப்மன் பம்பாய் வந்து சேர்ந்தார்.

நம் இசை அவருக்கு முதலில் சிறிதும் விளங்கவில்லை. இதில் வியப்பொன்றுமில்லை. மேனாட்டுச் செவி, பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இணைவில் இன்பம் காண்பது. நம் இசையோ ஒரே சுருதியின்மேல் ராகத்தை ஒற்றை இழையாக நெய்து செல்வது. புரியவில்லை என்று ஒதுங்கிவிடுதல் எளிது. காஃப்மனோ, ஒரு பெரும் மக்களினம் உள்ளமும் அறிவும் கொண்டு வளர்த்த கலை தமக்கு விளங்காவிடில் குறை தம்மிடமே என்று கொண்டார். ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டுக் கற்றார்.

அந்நாளில் பம்பாய்த் தாஜ் ஓட்டலில் ஜாஸ் குழுக்கள் நடனத்துக்கு வாசித்து வந்தன. நாகரிகக் கூட்டம் அங்கே நிறைந்திருந்தது. காஃப்மன் சிற்றரங்க இசைக்கென ஒரு சங்கம் அமைத்து, தாம் பியானோவும் மேலி மேத்தா வயலினுமாக, வாரந்தோறும் கச்சேரி நடத்தினார். அந்த மேத்தாவின் மகனே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற சுபின் மேத்தா. முகப்பிசை 1936ஆம் ஆண்டளவில் பிறந்தது. அதில் வயலின் இசைத்தவரும் மேலி மேத்தாவே என்பர். சிவரஞ்சனியின் சாயல் அதில் உண்டென்று கூறுவர். 1937 முதல் 1946 வரை காஃப்மன் பம்பாய் வானொலியில் ஐரோப்பிய இசைப் பகுதிக்குத் தலைவராயிருந்தார்.

பின்னர் இங்கிலாந்து, அதன்பின் கனடாவில் வின்னிபெக் சிம்பொனிக் குழுவின் இயக்குநர் பதவி, 1957இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம். அங்கேதான் அவர் பம்பாயில் பெற்ற கேள்விச் செல்வம் நூல்களாயிற்று. வட இந்திய ராகங்களைப் பற்றி 1968இலும், தென்னிந்திய ராகங்களைப் பற்றி 1976இலும் பெருநூல்கள் வெளிவந்தன. நம் ராகங்களை ஒரு வேற்று நாட்டார் இவ்வளவு பொறுமையுடன் தொகுத்திருக்க, நம்முள் எத்தனை பேர் நான்கு ராகங்களையேனும் கேட்டவுடன் பெயர் சொல்ல வல்லோம்?

1984இல் அவர் மறைந்தார். அவர் இயற்றிய இசை பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகவே நெடுங்காலம் கிடந்தது. 2020இல்தான் கனடாவைச் சேர்ந்த ஏ.ஆர்.சி. குழுவினர் அவருடைய சிற்றரங்கப் படைப்புகள் சிலவற்றை இசைத்தட்டாக வெளியிட்டனர். மேனாட்டு நரம்புக் கருவிகள் நான்கு இசைக்க, இடையே நம் ராகத்தின் நெளிவு அவற்றுள் தலைகாட்டுகிறது.