இசைத்தட்டும் பயிற்சி நூலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



குறளும் தமிழிசையும் முழங்கிய இம்மேடையில், ‘ஜாஸ்’ இசையைப் பற்றி, அதிலும் சாக்ஸபோன் கருவியைப் பற்றி, ஒரு ரயில்வே குமாஸ்தா என்ன பேசப் போகிறான் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நான் இசைப் புலவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, கோப்புகளோடு காலம் கழிப்பவன். ஆயினும் இருபது ஆண்டுகளாக அவ்விசையைக் கேட்டு வருகிறேன். ஒரு கலையைச் செவியால் கற்பதா, ஏட்டால் கற்பதா என்னும் கேள்வி நமக்கும் உரியதன்றோ? அதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சிறிது கூறுவேன். பெல்ஜிய நாட்டில் தினான் என்னும் ஊரில் 1814இல் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர் இதனைப் படைத்து, 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளை, ஆயினும் ஒலி பிறப்பது வாய்முனையில் பொருத்திய நாணல் தகட்டில்தான். நம் நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்குடையது. இதுவோ ஒற்றை நாக்குடையது. ஆல்ட்டோ, டெனர் எனப் பல அளவுகளில் அமைந்தாலும், விரல் வைக்கும் முறை ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் ஒன்றே. தொடக்கத்தில் இராணுவ பாண்டுகளில் ஒலித்த இக்கருவி, பின்னர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கையில் அவர்தம் இன்பத்தையும் துன்பத்தையும் பேசும் குரலாயிற்று.

ஜாஸ் இசையின் உயிர் மனோதர்மம். அறிந்த ஒரு பாட்டின் தாள அளவையும் சுரக்கூட்டு வரிசையையும் ஆதாரமாகக் கொண்டு, கலைஞன் வாசிக்கும் அந்நொடியிலேயே புதிய இசையைப் படைக்கிறான். 1939ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், கோல்மன் ஹாக்கின்ஸ் என்னும் டெனர் கலைஞர் ‘பாடி அண்ட் சோல்’ என்ற பாட்டைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் மட்டும் பாட்டின் மெட்டைத் தொட்டுக் காட்டி, பின்பு அதனை விட்டு விலகி, மூன்று நிமிட அளவில் ஒரு கற்பனை மாளிகையையே எழுப்பிவிட்டார். காற்றில் பிறந்து காற்றிலேயே கரைய வேண்டிய அம்மனோதர்மத்தை நமக்குக் காத்துத் தந்தது எது? இசைத்தட்டு அன்றோ!

இசைத்தட்டே ஆசானாக அமைந்ததற்குச் சார்லி பார்க்கரின் வரலாறு சான்று. 1920இல் கான்சஸ் நகரில் பிறந்தவர் அவர். அவருடைய தந்தை பின்னாளில் ரயில்வண்டிகளில் உணவுப் பணியாளராக இருந்தவர் என்பது ரயில்வே குடும்பத்தாராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இளம் வயதில் பெரிய கலைஞர்களின் நடுவே வாசிக்க முனைந்து, இடையில் தடுமாறினார். மத்தளக்காரர் ஒருவர் தம் தாளத்தட்டைத் தரையில் எறிந்து அவரை மேடையிலிருந்து விரட்டினார். அவ்விளைஞர் சோர்ந்தாரில்லை. 1937ஆம் ஆண்டுக் கோடையில் ஓசார்க் மலைப்பகுதியில் வேலைக்குச் சென்றபோது, லெஸ்டர் யங் வாசித்த இசைத்தட்டுகளை உடன் கொண்டுபோய், திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு சுரமாகப் பயின்றார். 1945இல் அவர் பதிவு செய்த ‘கோகோ’ என்னும் இசைத்தட்டு ஜாஸ் வரலாற்றையே திருப்பிவிட்டது. அவர் 1955இல், முப்பத்துநான்கு வயதிலேயே மறைந்தது பேரிழப்பு.

பதிவு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தார், உரிமத்தொகைக் கோரிக்கையை முன்வைத்து, ஒலிப்பதிவை நிறுத்தினர். 1944 வரை நீடித்தது அப்போராட்டம். பார்க்கரும் அவர் தோழர்களும் புதுநெறி கண்ட காலம் அதுவே. அந்நாளைய வாசிப்பில் பெரும்பகுதி, கேட்டவர் செவியோடு போயிற்று.

இனி, பயிற்சி நூலுக்கு வருவோம். பாரிசு இசைக்கல்லூரிப் பேராசிரியர் குளோசே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த நாட்பயிற்சிகள் இன்றும் மாணவரிடையே வழங்குகின்றன. அவை நம் சரளி வரிசை, சண்ட வரிசை போல்வன. 1947இல் நிக்கோலாஸ் ஸ்லோனிம்ஸ்கி என்பார் சுர வரிசைகளைத் தொகுத்து ஒரு பெருநூல் வெளியிட்டார். ஜான் கோல்ட்ரேன் அந்நூலைக் கையில் வைத்துப் பயின்றவர். 1959இல் அவர் பதிவு செய்த ‘ஜெயண்ட் ஸ்டெப்ஸ்’ பாட்டின் மின்னல் வேகச் சுரக்கூட்டு மாற்றங்களைக் கேட்போர், அவ்வுழைப்பின் அளவை உணர்வர். 1978இல், பார்க்கரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்துத் தொகுத்த ‘ஆம்னிபுக்’ என்னும் நூல் வெளிவந்தது. அன்று செவியில் ஏறியது, பின்னர் ஏட்டிலும் ஏறிற்று.

ஆனால் ஏடு முழுவதும் சொல்லிவிடுமா? ஜாஸ் நூலில் இரண்டு சுரங்கள் சம அளவாக எழுதப்பட்டிருக்கும்; வாசிப்பவனோ முன்னதைச் சற்றே நீட்டிப் பின்னதைக் குறுக்குவான். அந்த ஊசலாட்டமே ‘ஸ்விங்’. நம் சுரக்குறிப்பில் கமகம் அடங்காதது போலவே அதுவும் ஏட்டில் அடங்காது. கால அட்டவணையை மனப்பாடம் செய்தவன் பயணம் செய்தவன் ஆகானன்றோ! இசைத்தட்டுக்கும் குறை உண்டு. எந்த விரலை எங்கு வைப்பது, மூச்சை எவ்வாறு அடக்குவது என்பதை அது கூறாது. ஆகவே இரண்டும் வேண்டும். அக்காலத்து மாணவர், நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் தட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பர். இசை ஒரு ஸ்தாயி இறங்கி, மெல்ல ஒலிக்கும். இன்று கைப்பேசியிலேயே சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம். கருவி எளிதாயிற்று, உழைப்பு எளிதாகவில்லை.

இக்கருவி நமக்கு அயலானதன்று. தென் கன்னட நாட்டில் நாகசுரக் கலைஞரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டில் இதனைக் கண்டு மனம் பறிகொடுத்து, நெடுநாள் உழைத்து, கமகங்கள் இழையக் கருநாடக இசையை இதில் வாசித்துக் காட்டினார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தில் நீங்கள் கேட்டு மகிழ்ந்த சாக்ஸபோன் இசை அவருடையதே. 2019இல் அவர் மறைந்தார். அவர் திறந்த வழி மறையவில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். சானி ராலின்ஸ் புகழின் உச்சியில் இருந்தபோதே 1959இல் மேடையை விட்டு விலகினார். தம் வாசிப்பு தமக்கு நிறைவளிக்கவில்லை என்பதே காரணம். வீட்டில் பயின்றால் அண்டையில் இருந்த கருவுற்ற பெண்மணிக்குத் தொல்லையாகும் என்று கருதி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மீது சென்று வாசித்தார். ரயில்கள் ஓடும் பாலம் அது. கோடையும் குளிரும் பாராமல் ஏறத்தாழ ஈராண்டு பயின்று, 1961இல் மேடைக்கு மீண்டார்.

நம் ரயில்வே குடியிருப்பிலும் ஒரு சிறுவன் இருக்கிறான். ஓய்வு பெற்ற பாண்டு வாத்தியக்காரர் ஒருவர் கொடுத்துச் சென்ற பழைய சாக்ஸபோனை வைத்துக்கொண்டு, நாள்தோறும் ஒரே சுரத்தை நீண்ட மூச்சில் ஊதிப் பழகுகிறான். பக்கத்து வீட்டு அன்பரோ இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டுபவர். பகலில் உறங்கியாக வேண்டியவர். அவர் முறையிட்டதில் தவறில்லை. அவருடைய உறக்கத்தில் ஆயிரம் பயணிகளின் உயிர் அடங்கியிருக்கிறது. சிறுவன் மீதும் தவறில்லை. ஒரு மாதமாகக் கருவி பெட்டியிலேயே கிடக்கிறது. நாணல் காய்வது போல ஆர்வமும் காய்ந்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

நம் சங்கக் கூடம் மாலை ஐந்து மணி முதல் ஆறரை வரை பூட்டிக் கிடக்கிறது. பாலம் தேடிச் செல்லும் நிலையை நம் பிள்ளைக்கு வைக்க வேண்டுமா? அந்த ஒன்றரை மணி நேரம் கூடத்தைத் திறந்துவிடுமாறு நிர்வாகக் குழுவினரைக் கைகூப்பி வேண்டுகிறேன். திறப்பதும் பூட்டுவதும் பெருக்குவதும் என் பொறுப்பு. மிருதங்கம் பயிலும் பிள்ளையும் வரட்டும். பாடும் பெண்ணும் வரட்டும். தாய்நாட்டை விட்டு வந்த நாம், நம் மக்களின் கலைக்கு ஓர் அறை தந்தோம் என்ற பெயர் சங்கத்துக்கு நிலைக்கட்டும்.