ஒரு டிக் வந்தால் கோபம் என்று அர்த்தமில்லை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தெருவிளக்கு, குப்பை வண்டி, தண்ணீர் டேங்க் எல்லாம் பேசி முடித்துக் கலையும்போது நான்கைந்து பேர் தனித்தனியாக என்னிடம் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், ஒரு டிக் மட்டும் நிக்குதே, நம்மள பிளாக் பண்ணிட்டாங்களா?" அது செயலாளர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். நான் தொலைபேசித் துறையில் கம்பம் ஏறிய ஆள். எனக்கு வாட்ஸ்அப் தெரிந்தது பேரன் தயவாலும், ராத்திரி தூக்கம் வராமல் கிண்டிப் பார்த்ததாலும்தான்.

சிரிப்பதற்கான விஷயம் மட்டும் இல்லை இது. நம் தெருவிலேயே ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். காரணம் நீல டிக். "பார்த்துட்டு பதில் போடலையே, அவ்வளவு திமிரா?" கடைசியில் தெரிந்தது, அந்த மெசேஜைத் திறந்தது ஏழு வயதுப் பையன். கேம் விளையாட அம்மா போனை எடுத்தவன், மேலே வந்ததைத் தட்டிவிட்டான்.

முதலில் ஒரு சின்ன வரலாறு. வாட்ஸ்அப்பை 2009-ல் ஜான் கூம் என்பவர் அமெரிக்காவில் ஆரம்பித்தபோது அது மெசேஜ் அனுப்பும் செயலியே இல்லை. போனில் இருக்கும் பெயர்களுக்குப் பக்கத்தில் "பேட்டரி தீரப் போகிறது", "உடற்பயிற்சியில் இருக்கிறேன்" என்று அவரவர் நிலையைக் காட்டத்தான் அதைச் செய்தார். மெசேஜ் பின்னால் வந்தது. அதாவது, ஒருவர் இப்போது என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்க்கும் ஆசையில்தான் அது பிறந்தது. நம் சண்டைகளும் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

இப்போது டிக் கணக்குக்கு வருவோம். கடிகாரப் படம் இருந்தால் மெசேஜ் உங்கள் போனைவிட்டே கிளம்பவில்லை. உங்கள் நெட்டைப் பாருங்கள், அடுத்தவரைத் திட்டாதீர்கள். ஒரு டிக் என்றால் வாட்ஸ்அப்பின் சர்வர் வரை போய்விட்டது, அந்தப் பக்கத்துப் போனுக்குப் போய்ச் சேரவில்லை. நம் பழைய தபாலில் சொன்னால், கடிதம் போஸ்ட் ஆபீஸில் இருக்கிறது. முப்பது நாள் வரை அங்கே காத்திருக்கும். சாம்பல் நிறத்தில் இரண்டு டிக் என்றால் போனுக்குப் போய்விட்டது. நீலமானால் திறக்கப்பட்டது. இந்த நீலம் 2014 நவம்பரில்தான் வந்தது. வேண்டாம் என்பவர்கள் செட்டிங்ஸில் அதை அணைத்து வைக்கலாம். அவர்கள் நூறு தடவை படித்தாலும் உங்களுக்குச் சாம்பல்தான் தெரியும். அணைத்தவர்களுக்கும் அடுத்தவரின் நீலம் தெரியாது, அந்த மட்டும் நியாயம்.

குரூப்பில் இன்னொரு விஷயம். குரூப்பில் இருக்கும் எல்லோரும் படித்தால்தான் நீலமாகும். நம் சங்கக் குரூப்பில் அது ஜென்மத்துக்கும் ஆகாது! யார் படித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால் உங்கள் மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' என்பதைத் தட்டுங்கள், பெயர் பெயராக வரும். சந்தா நினைவூட்டலுக்குச் செயலாளர் இதைத்தான் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

சரி, ஒரு டிக் ஏன் நிற்கிறது? நம் ஊருக்கென்று சில காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, வேலை. ஓசூர், கெலமங்கலம் பக்கம் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகள் பலர் ஷிப்டு தொடங்கும்போது போனை வெளியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். எட்டு மணி நேரம் போன் லாக்கரில் அணைந்து கிடக்கும். இரவு ஷிப்டு என்றால் பகலில் தூங்கும்போதும் அணைத்து வைப்பார்கள். இரண்டையும் கூட்டினால் ஒரு நாள் போய்விட்டது. இங்கே அம்மா ஒரு டிக்கைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, காடு. அஞ்செட்டி மலைப் பாதையில் போகும்போது பல இடங்களில் சிக்னலே கிடையாது.

மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நாம் எல்லையில் இருக்கிறோம். தளி, ஜவளகிரி பக்கம் போனால் போன் கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் 'ஆர்' என்று ஒரு சின்ன ஆங்கில எழுத்து வரும், ரோமிங் என்பதற்கு. பேச முடியும், ஆனால் போன் செட்டிங்ஸில் 'டேட்டா ரோமிங்' அணைந்திருந்தால் பல போன்களில் நெட் வராது. நெட் இல்லையென்றால் வாட்ஸ்அப் இல்லை. அனுப்பியவருக்கு ஒரு டிக். இப்போதுள்ள பெரும்பாலான பிளான்களில் நாட்டுக்குள் ரோமிங்குக்குத் தனிக் காசு கிடையாது. ஆகவே அதைப் போட்டு வைக்கலாம். வெளிநாடு போகும்போது மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள், அங்கே பில் தீட்டிவிடும்.

பிளாக் செய்தாலும் ஒரு டிக்தான் வரும், அதை மறுக்கவில்லை. டிபி தெரியாது, லாஸ்ட் சீன் தெரியாது, வாட்ஸ்அப் கால் போகாது. ஆனால் இதில் ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கும். டிபியை "என் காண்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்" என்று வைத்திருப்பார். புதுப் போன் வாங்கியபோது உங்கள் நம்பர் விட்டுப்போயிருக்கும். லாஸ்ட் சீனை நீங்களே மறைத்திருந்தால் அடுத்தவருடையதும் உங்களுக்குத் தெரியாது. பிளாக்கா இல்லையா என்று உறுதியாகத் தெரியக்கூடாது என்று வாட்ஸ்அப் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறது. பிளாக் செய்தவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டுமல்லவா? தொல்லை கொடுப்பவனை விலக்கிய பெண்ணுக்கு அது அவசியம்.

வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். 'காலிங்' என்றே நின்றால் அந்தப் போனுக்கு உங்கள் அழைப்பு போய்ச் சேரவில்லை. 'ரிங்கிங்' என்று மாறினால்தான் அங்கே மணி அடிக்கிறது. காலிங்கிலேயே நின்றால், "எடுக்கமாட்டேங்கிறான்" என்று சொல்லாதீர்கள். சாதாரண போன் காலைப் போட்டுப் பாருங்கள்.

'ஆன்லைன்' என்பதும் ஏமாற்றும். வாட்ஸ்அப் திரையில் திறந்திருக்கிறது, நெட் இருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மெசேஜைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மருமகள் ஆபீஸ் குரூப்பில் கணக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம்.

ஃபேஸ்புக்கைப் பற்றிக் கொஞ்சம். நண்பராக இருந்தவர் பக்கத்தில் திடீரென்று 'ஆட் ஃப்ரெண்ட்' என்று பொத்தான் வந்தால் அவர் உங்களை நீக்கியிருக்கலாம், அல்லது அது அவருடைய பக்கமே இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. உங்கள் போட்டோவையும் பெயரையும் எடுத்துப் புதிதாக ஒரு பக்கம் திறந்து, உங்கள் நண்பர்களுக்கெல்லாம் ரிக்வெஸ்ட் அனுப்பி, "அவசரமாகப் பணம் வேண்டும்" என்று கேட்கிறார்கள். நண்பர்கள் யார் யார் என்று வெளியில் தெரிவதால்தான் இது சுலபமாகிறது. செட்டிங்ஸில் நண்பர் பட்டியலை 'ஒன்லி மீ' என்று மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே நண்பராக இருப்பவரிடமிருந்து மறுபடி ரிக்வெஸ்ட் வந்தால் அவரை போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

என் வருத்தமே இதுதான். பயப்படத் தேவையில்லாத டிக்குக்கு ராத்திரி முழுக்க விழித்திருக்கிறோம், பயப்பட வேண்டிய குறியைப் பார்ப்பதே இல்லை. மெசேஜுக்கு மேலே ஒரு அம்புக்குறி இருந்தால் அது ஃபார்வர்டு. இரண்டு அம்பு சேர்ந்திருந்தால் குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்திருக்கிறது. அந்த அம்பு எப்படி வந்தது தெரியுமா? 2018-ல் நாடு முழுக்கப் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னைப் பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அந்த அம்மாவை அடித்தே கொன்றுவிட்டார்கள். அது மே மாதம். வேறு மாநிலங்களிலும் இதே போல் நடந்தது. ஜூலையில் வாட்ஸ்அப் அந்த ஃபார்வர்டு அடையாளத்தைக் கொண்டு வந்தது, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடியும் ஆக்கியது. இரண்டு அம்பு போட்டதை இப்போது ஒரு தடவைக்கு ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோதான் அனுப்ப முடியும். உயிர் போய் வந்த குறி அது.

2023 மார்ச்சிலும் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று எங்கெங்கோ எடுத்த வீடியோக்கள் சுற்றின. நம் காவல்துறை பொய் என்று மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பி விசாரித்தது. அதற்குள் எத்தனை தொழிலாளிகள் பயந்திருப்பார்கள்! சிப்காட்டில் நம்மோடு டீக்கடையில் நிற்கும் பிள்ளைகள்தானே அவர்கள். இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று எல்லோரும் கலந்து வாழ்கிறோம். இரண்டு அம்போடு ஒரு வீடியோ வந்தால் நம் குரூப்பில் போடுவதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

அடுத்து, தெரிந்த முகம், தெரியாத நம்பர். டிபியில் உங்கள் மகன் படம் இருக்கும், நம்பர் புதுசு. "அம்மா, போன் உடைஞ்சிடுச்சு, இது புது நம்பர், இருபதாயிரம் அனுப்பு." டிபியில் யார் படத்தையும் யாரும் வைக்கலாம். பழைய நம்பருக்குப் போன் போட்டு குரலைக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பக்கூடாது. வங்கி, கூரியர் என்று வருபவர்கள் டிபி படத்துக்குள்ளேயே நீல டிக்கை வரைந்து வைத்திருப்பார்கள். உண்மையான அடையாளம் பெயருக்குப் பக்கத்தில் வரும், படத்துக்குள் வராது. ஆறு இலக்கக் குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வந்து, "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும், தெரிந்தவர் நம்பரிலிருந்தே கேட்டாலும் சொல்லாதீர்கள். சொன்ன நிமிஷம் உங்கள் வாட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். அப்படியே 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஒரு பின் வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

(இதன்பின் உறுப்பினர்கள் கேள்வி கேட்டனர். ஒரு அம்மாவின் கேள்வியும் அதற்கான பதிலும் பலருக்கும் உதவும் என்பதால் சேர்க்கிறோம். "எங்க வீட்டுக்காரர் தவறிப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. போன வாரம் அவர் நம்பர்ல ஆன்லைன்னு காட்டுச்சு. வேற யாரோ படம். கை நடுங்கிப் போச்சு சார்.")

அம்மா, பயப்படாதீர்கள். யாரும் ஐயாவின் போனைத் திருடவில்லை. சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் கம்பெனி அந்த நம்பரை நிறுத்திவிடும். குறைந்தது 90 நாள் கழித்து அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம், விதியே அதுதான். வாட்ஸ்அப்பிலும் 120 நாள் பயன்படுத்தாத கணக்கைப் பொதுவாக அழித்துவிடுவார்கள். நம்பரை வாங்கியவர் புதிதாகக் கணக்குத் திறந்திருக்கிறார், அவர் படம்தான் நீங்கள் பார்த்தது. ஐயா உங்களுக்கு அனுப்பிய பழைய மெசேஜும் குரலும் உங்கள் போனில்தான் இருக்கின்றன, அந்த ஆளுக்கு அவை தெரியாது. அந்த உரையாடலை 'எக்ஸ்போர்ட்' செய்து மகளின் மெயிலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளலாம், நானே வந்து செய்து தருகிறேன்.

ஒன்று மட்டும் இந்த வாரமே பாருங்கள். ஐயாவின் நம்பர் வங்கிக் கணக்கிலோ, கேஸ் புக்கிங்கிலோ, உங்கள் ஆதாரிலோ இன்னும் இருந்தால் அங்கே உங்கள் நம்பரைக் கொடுத்து மாற்றுங்கள். ஓடிபி இனி அந்தப் புது ஆளுக்குத்தான் போகும். பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வங்கிக்கு நானும் கூட வருகிறேன்.