எல்லைக் காவலில் தெரிந்த வெளிச்சம்



இந்தியாவின் வடகோடியில், லடாக் மலைப்பகுதியில், பாங்கொங் என்றொரு ஏரி. கடல்மட்டத்திலிருந்து 4,200 மீற்றருக்கும் மேலே கிடக்கிறது. மேற்குப் பக்கம் இந்தியாவிடம், பெரும்பகுதி சீனாவின் கையில். 2012 ஓகஸ்டிலிருந்து அங்கே காவலிருந்த இந்தியப் படையினர் ஒரே மாதிரியான செய்தியைத் திரும்பத் திரும்ப மேலிடத்துக்கு அனுப்பினார்கள். சீனப் பக்க அடிவானத்தில் மஞ்சளாக ஓர் ஒளிக்கோளம் கிளம்புகிறது, மெல்ல மெல்ல மேலேறுகிறது, மூன்று முதல் ஐந்து மணிநேரம் வானத்தில் நகர்ந்துவிட்டு மறைகிறது. அடுத்த பெப்ரவரி வரையில் இப்படி 329 பதிவுகள். அவற்றில் 155 தடவை அது எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததாக எழுதியிருந்தார்கள்.

ராடர் கொண்டுவந்து பார்த்தார்கள், அதில் ஒன்றும் விழவில்லை. ஆளில்லா விமானத்தை ஏவினார்கள், அதற்கும் எட்டவில்லை. பத்திரிகைகள் பறக்கும் தட்டு என்றன. படையினருக்கோ சீன உளவு விமானம் என்ற ஐயம்.

அவர்களுடைய பதற்றம் மன்னாரில் இருக்கும் எங்களுக்கு நன்றாகவே விளங்கும். போர்க்காலத்தில் பரா வெளிச்சம், அதாவது பரசூட்டில் தொங்கும் வெளிச்சக் குண்டு, எழும்பினால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய சனம் நாங்கள். 2008 ஒக்ரோபர் 28 இரவு, தள்ளாடி இராணுவ முகாமின் மேல் புலிகளின் சிறு விமானம் குண்டு போட்டதை இங்கே மறந்தவர்கள் குறைவு. இருட்டில் ஒரு வெளிச்சம் கிட்ட வருவதுபோலத் தெரிந்தால் காவல்காரன் அதை எழுதித்தான் வைக்க வேண்டும். லடாக் படையினர் நேரத்தோடு எழுதி வைத்ததால்தான் பின்னர் புதிர் அவிழ்ந்தது.

அவிழ்த்தவர்கள் பெங்களூரில் உள்ள இந்திய வான்இயற்பியல் நிறுவனத்து வானியலாளர்கள். லடாக்கிலேயே, ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீற்றர் உயரத்தில் அவர்களுக்கு இரண்டு மீற்றர் ஆடி கொண்ட தொலைநோக்கி உண்டு. நம் தமிழ் விஞ்ஞானி சந்திரசேகரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். படையினரின் பதிவுகளை நட்சத்திரங்களின் ஓட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த ஒளிக்கோளம் ஒன்றல்ல, இரண்டு: ஒன்று வியாழன், விடியலுக்கு முன் எழும்பிய மற்றது வெள்ளி என்று தெரிந்தது. 2013 நடுப்பகுதியில் செய்தி வெளிவந்தது.

இனி வெள்ளியைப் பற்றிக் கொஞ்சம் பேச விடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கிரகம் அது.

2012 ஓகஸ்ட் 15ஆம் திகதி வெள்ளி சூரியனிலிருந்து ஏறக்குறைய 46 பாகை மேற்கே விலகி நின்றது. அந்த முறை அதற்குமேல் அது விலகவில்லை. வானம் மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சூரியனுக்கு மூன்று மணிநேரமளவு முந்தியே அது எழும்பியிருக்கும். ஏரியின் கிழக்கே இருப்பது சீனப் பக்கம். அங்கிருந்து கிளம்பி, மூன்று மணிநேரமளவு நகர்ந்து, பகல் வெளிச்சத்தில் கரைந்துபோன கோளம் வேறு எதுவாக இருக்க முடியும்? தன்மேல் விழும் சூரிய ஒளியில் முக்கால் பங்கை வெள்ளியின் முகில்கள் திருப்பி அனுப்புகின்றன. மலை உச்சியின் மெல்லிய காற்றில் அந்த ஒளி இன்னும் கூர்மையாகத் தெரியும். ராடருக்கு அது எப்படிச் சிக்கும்? அது பத்துக் கோடி கிலோமீற்றருக்கும் அப்பால் நின்றது.

நான் உயிலங்குளம் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். என் மாணவி ஒருத்தியின் தகப்பன் வயலில் பன்றிக் காவலுக்குப் படுப்பவர். குளக்கட்டுக்கு மேலே ஒரு வெளிச்சம் வருகிறது, தன்னைப் பார்த்தே வருகிறது என்று கலங்கிப்போய் வந்தார். இரண்டு தடிகளைக் கொடுத்தேன். "அண்ணை, ஒன்றைக் கிட்டவும் மற்றதைப் பத்தடி தள்ளியும் ஊன்றுங்கோ. இரண்டு நுனியும் வெளிச்சமும் ஒரே கோட்டில் வாற நேரத்தைக் குறியுங்கோ. அடுத்த நாளும் அப்படியே பாருங்கோ" என்றேன். மறுநாளும் அதே தடிகளுக்கு மேல், ஏறக்குறைய அதே நேரத்துக்கு, வெள்ளி வந்து நின்றது. அதற்குப் பிறகு அவர் மகளுக்கு வெள்ளி காட்டுகிறார்.

நேயர்களே, இதை உங்கள் முற்றத்திலும் செய்யலாம். கையை நீட்டிச் சுண்டுவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். அதன் அகலம் சுமார் ஒரு பாகை. கிரகமோ நட்சத்திரமோ அந்த அகலத்தைக் கடக்கக் குறைந்தது நான்கு நிமிடமளவு ஆகும். அதற்குள் கடந்து ஓடினால் விமானமாகவோ செய்மதியாகவோ இருக்கலாம். பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது. வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நிலவுகள் சின்னப் புள்ளிகளாகத் தெரியும். வெள்ளி சில மாதங்களில் பிறைபோலவே இருக்கும்.

தரையிலுள்ள வெளிச்சமும் இப்படி ஏமாற்றும். இங்கிலாந்தில் ரெண்டில்ஷம் காட்டருகே அமெரிக்க விமானப்படையினர் 1980 டிசெம்பரில் கண்ட வெளிச்சம் அப்படி ஒன்று. ஐந்து செக்கனுக்கு ஒருமுறை மின்னிய ஓர்ஃபர்ட்னெஸ் வெளிச்சவீடுதான் அது என்பதே ஆராய்ந்தவர்கள் பலரின் முடிவு. தலைமன்னார் வெளிச்சவீட்டைப் பார்த்துக் கரை சேர்ந்தவர்களுக்கு இது விளங்கும்.

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு வெள்ளியையும் வியாழனையும் இனங்காட்டிக் கொடுங்கள். புதிய வெளிச்சம் ஏதும் கண்டால் நேரத்தையும் திசையையும் எழுதி, இரண்டு தடியை ஊன்றிப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.